பின் சீட்டில் ஏறாத மனுஷனோடு இலங்கை மலையில் எட்டு நாள்

வேறு யாராவது போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருடமாக அடையாறில் ஆட்டோ ஓட்டுகிற நான், இலங்கைக்குப் போய் ஆட்டோ ஓட்டும் பரீட்சையில் ஃபெயிலானேன். அதுவும் ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. எங்கள் ஸ்டாண்டில் இதுவரை யாருக்கும் தெரியாது. இதைப் படித்த பிறகு தெரியும், தெரியட்டும்.

நான் கஸ்தூரி. படிப்பு ஆறாவதோடு சரி. இந்தப் பக்கத்தில் வருவதெல்லாம் நான் சொல்லச் சொல்ல போன் எழுதியது. பிழை இருந்தால் திருத்துவது என் மகள் நந்தினி. அவள் தரமணியில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். பிப்ரவரியில் அவளுக்குச் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தது. "எம்மா, இலங்கைல டூரிஸ்ட்டுக்கே ஆட்டோ வாடகைக்கு தராங்களாம். நாமளே ஓட்டிக்கினு ஊர் சுத்தலாமாம்" என்று ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். வேலை வேலை என்று தினமும் ஆட்டோ ஓட்டுகிறவள் லீவு விட்டால் போய் ஆட்டோ ஓட்டுவாளா என்று நீங்கள் கேட்கலாம். நான் கேட்கவில்லை. ஏனென்றால் அவள் கண்ணைக் காட்டியது அவளுடைய அப்பாவை நோக்கி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். என் வீட்டுக்காரர் மாரி முன்பு ஆட்டோ ஓட்டியவர். மந்தைவெளியில் ஒரு கார்க்காரர் பார்க்காமல் கதவைத் திறந்ததில் வண்டி கவிழ்ந்து, இவருக்கு வலது முட்டியில் பிளேட் வைத்தார்கள். ஆட்டோவில் பிரேக் வலது காலுக்குத்தான். அதோடு அவர் ஓட்டுவது முடிந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, அதனால் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொடுத்தது அவர்தான், கட்டிலில் படுத்தபடியே. என் இடது கையில் சப்பாத்திக்கட்டையைக் கொடுத்து, "இது கியர், முறுக்கு" என்பார். வலது கையில் தோசைக் கரண்டி, அது ஆக்சிலேட்டர். காலுக்கு அடியில் அரிசி டப்பா மூடி, அது பிரேக். பத்து நாள் அப்படி சமையல் சாமானை ஓட்டிவிட்டுத்தான் நான் நிஜ வண்டியைத் தொட்டேன்.

ஆனால் அந்த மனுஷன் இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட என் வண்டியில் ஏறியதில்லை. அபிராமபுரத்தில் ஒரு அப்பார்ட்மென்டில் வாட்ச்மேன் வேலை, பஸ்ஸில்தான் போவார். கல்யாணம் காட்சி என்றால் நானும் மகளும் ஆட்டோவில், அவர் பஸ்ஸில். மழையில் நனைந்துகொண்டு ஸ்டாப்பில் நிற்பார், நான் வண்டியை நிறுத்தினால் வேறு பக்கம் பார்ப்பார். பொண்டாட்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போனால் ஸ்டாண்டுக்காரர்கள் கேலி செய்வார்கள் என்ற ரோஷம் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டதில்லை. கேட்டால் எழுந்து கடைக்குப் போய்விடுவார்.

ஆக, நந்தினியின் திட்டம் இதுதான்: அப்பாவைக் கடல் தாண்டிக் கூட்டிப்போய், வேறு வழியில்லாமல் அம்மா வண்டியில் ஏற வைப்பது. அவரிடம் "வண்டி புக் பண்ணியாச்சி நைனா" என்று மட்டும் சொன்னாள். என்ன வண்டி என்று அவர் கேட்கவில்லை. அது அவர் தப்பு.

முதல் நாள். சென்னையிலிருந்து காலை 10.10க்கு விமானம், 11.35க்குக் கட்டுநாயக்கா, அதுதான் கொழும்பு ஏர்போர்ட். அடையாறிலிருந்து ஏர்போர்ட் போக எனக்கு ஆன நேரத்தைவிட இது கொஞ்சம்தான் அதிகம். அங்கிருந்து நீர்கொழும்பு பதினோரு கிலோமீட்டர். ஆட்டோ வாடகைக்குத் தரும் இடம் ஒரு தென்னந்தோப்பு. வரிசையாகச் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஆட்டோக்கள் நின்றன. எங்களுக்கு ஒதுக்கியது நீலம். இவர் நீல ஆட்டோவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தென்னை மரத்தைப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வாடகைக்கு விடுவதற்கு முன்னால் எல்லாருக்கும் ஓட்டிக்காட்டும் பரீட்சை உண்டு. எனக்குப் பரீட்சை வைத்தவர் ரிஸ்வான் நானா. நானா என்றால் அங்கே முஸ்லிம் வீடுகளில் அண்ணன். நரைத்த தாடி, நல்ல மனுஷர். "தங்கச்சி, பயப்படாம ஓட்டுங்க. இது கியர், இது கிளச்" என்று ஆரம்பித்தார். நான் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டேன். தோப்பைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்து, வலது பக்கம் திரும்பும்போது வழக்கம்போல வலது காலை வெளியே நீட்டினேன்.

"நிப்பாட்டுங்க! நிப்பாட்டுங்க! ஏன் காலை வெளியால போடுறீங்க?"

"ரைட்ல திரும்பறேன்ல நானா. சிக்னல்."

"இண்டிகேட்டர் எதுக்கு இருக்கு?"

"அது பாட்டுக்கு அது கீது."

ஃபெயில். இரண்டாவது தடவை ஞாபகமாக இண்டிகேட்டர் போட்டேன். போட்டுவிட்டு, கூடவே காலையும் நீட்டினேன். மறுபடி ஃபெயில். மூன்றாவது தடவை நந்தினி என் வலது கால் கட்டைவிரலில் துப்பட்டாவைக் கட்டி நுனியைப் பின்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாஸ்.

அதற்குள் இவர் முடிவெடுத்துவிட்டார். "நீங்க ரெண்டு பேரும் இதுல வாங்க. நான் பஸ்ல வரேன்."

"நைனா, இது வேற நாடு. உனக்கு பாஷை தெரியாது" என்றாள் மகள்.

"பஸ்ஸுக்கு இன்னா பாஷை? ஊர் பேர சொன்னா டிக்கெட் குடுக்கப்போறான்."

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு அப்படித்தான் நடந்தது. நீர்கொழும்பிலிருந்து தம்புள்ள 118 கிலோமீட்டர். நாங்கள் குருநாகல் வழியாக ஆட்டோவில். அவர் அதே வழியில் பஸ்ஸில், குருநாகலில் மாறி. அங்கே ஆட்டோ நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. ரோடு கண்ணாடி மாதிரி. ரோட்டைக் கடக்க மஞ்சள் கோடு போட்ட இடத்தில் யாராவது காலை வைத்தால் லாரிகூட நிற்கிறது. முதல் தடவை ஒரு பள்ளிக்கூட டீச்சருக்காக நான் நின்றபோது அவர் எனக்குத் தலையாட்டி நன்றி சொன்னார். எனக்குக் கூச்சமாகிவிட்டது, ஆரன் அடித்துவிட்டேன். டீச்சர் ஓடிவிட்டார்.

நாங்கள் தம்புள்ள போய்ச் சேர்ந்தது 12.40. அவர் 11.50க்கே வந்து, பஸ் ஸ்டாண்ட் எதிரில் மண்சட்டித் தயிரும் பாணியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாணி என்றால் கித்துள் மரத்துப் பாகு. "இன்னா லேட்டு?" என்றார். அந்தத் தயிரை அவசியம் சாப்பிடுங்கள். அந்தக் கேள்வியை மட்டும் யாரும் எங்களிடம் கேட்காதீர்கள்.

தம்புள்ள குகைக்கோயில் இரண்டாயிரம் வருடம் பழையது என்கிறார்கள். ஒரே பாறைக்கு அடியில் ஐந்து குகை, சுவர், மேற்கூரை முழுக்க ஓவியம். முதல் குகையில் ஒரு பெரிய புத்தர் காலை நீட்டிப் படுத்திருக்கிறார், உள்ளங்கால் சிவப்பு. ரிஸ்வான் நானா பார்த்தால் இந்தப் புத்தரையும் ஃபெயில் போட்டிருப்பார் என்று நினைத்துச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கும்பிட்டு மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன். புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கக்கூடாது, தோள், முட்டி மூடின துணி வேண்டும். மத்தியானத்தில் பாறை சுடும். செருப்பைக் கீழேயே விட வேண்டும் என்பதால் சாக்ஸ் எடுத்துப்போங்கள். இவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு படி படியாக ஏறி வந்தார். பஸ் ஏறுகிற பிடிவாதத்தில் பாதி இருந்தால் இமயமலையே ஏறலாம்.

மூன்றாம் நாள் சிகிரியா, தம்புள்ளயிலிருந்து 17 கிலோமீட்டர். காலை ஆறரைக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. ஜெயித்தோம் என்று நானும் மகளும் வண்டியைத் துடைத்து வைத்துக் காத்திருந்தோம். இவர் லாட்ஜ் வாசலில் போய் நின்றார், கையைக் காட்டினார், வேறு ஒரு ஆட்டோவைப் பிடித்தார். மூவாயிரத்து ஐநூறு இலங்கை ரூபாய், காத்திருந்து திரும்பக் கொண்டுவிடுவதற்கு. ஒரே குடும்பம், இரண்டு ஆட்டோ. முன்னால் அவர் பச்சை ஆட்டோவில் மகாராஜா மாதிரி, பின்னால் நாங்கள். அந்த டிரைவர் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, நாங்கள் எதற்கு அவர் சவாரியைத் துரத்துகிறோம் என்று விசாரித்தார். நந்தினி இங்கிலீஷில் விளக்கினாள். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, திரும்பிப் போய், இவருக்கு ஒரு டாஃபி கொடுத்தார். இரக்கம்தான், வேறென்ன.

சிகிரியா பாறை பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சமதரைக் காட்டுக்கு நடுவில் யாரோ ஒரு பெரிய பெட்டியை வைத்துவிட்டு எடுக்க மறந்த மாதிரி நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு ராஜா அரண்மனை கட்டியிருக்கிறார். ஆயிரத்து இருநூறு படி என்கிறார்கள். நான் நானூறுக்கு மேல் எண்ணவில்லை, மூச்சு இல்லை. பாதி வழியில் பாறைச் சுவரில் வரைந்த பெண்கள், கையில் பூவோடு. அவ்வளவு நகை போட்டவர்களுக்கு ரவிக்கை தைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை போல. படம் எடுக்க அனுமதி இல்லை. நம் நாட்டுப் பாஸ்போர்ட் காட்டினால் டிக்கெட் மற்ற வெளிநாட்டுக்காரர்களுக்கு வாங்குவதில் பாதிதான், அதனால் பாஸ்போர்ட்டை லாட்ஜில் விடாதீர்கள். காலை ஏழுக்கு ஏறி ஒன்பதரைக்குள் இறங்கிவிடுங்கள்.

இவர் முட்டியினால் ஏறவில்லை. உச்சியிலிருந்து பார்த்தேன். கீழே கார் நிறுத்தும் இடத்தில் அந்த நீலப் புள்ளி எங்கள் வண்டி என்று கண்டுபிடித்தேன். அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சட்டைப் புள்ளி. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. குனிந்து சக்கரத்தைப் பார்த்தது. முன்பக்கமாகப் போய் ஹேண்டிலில் கையை வைத்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நான் நந்தினியிடம் காட்டவில்லை. இறங்கி வந்தபோது அவர் பச்சை ஆட்டோவில் உட்கார்ந்து டாஃபி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வண்டியின் முன்கண்ணாடி துடைத்திருந்தது.

அன்று மத்தியானமே கண்டி, 72 கிலோமீட்டர். மாத்தளை தாண்டினதும் மிளகு, ஏலக்காய்த் தோட்டங்கள். வாசனை வண்டிக்குள்ளேயே வந்துவிடும். இவர் பஸ்ஸில். நான்காம் நாள் முழுக்கக் கண்டியில் இருந்தோம். புத்தருடைய பல் வைத்திருக்கும் மாளிகைக்குக் காலை ஆறு மணிப் பூஜைக்குப் போனோம். மேளத்தைக் கேட்டதும் எனக்கு மயிலாப்பூரில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. ஏரியைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் நடந்தால் பழைய ராஜா ஊர் மொத்தமும் தெரியும். இவர் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து எழுந்து வந்தார். அன்று சாயங்காலம் நந்தினி என்னிடம், "எம்மா, நாளைக்கும் ஏறலன்னா அவ்ளோதான். மலை முடிஞ்சா வண்டிய குடுத்துடணும். சென்னை போனா பழையபடி மழைல நிப்பாரு" என்றாள். அவளுக்குத் தொண்டை அடைத்தது. எனக்கும்தான். ஆனால் நான் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்ததால் கடலைதான் காரணம் என்று சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள். கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர், பேராதனை, கம்பளை, புசல்லாவ, றம்பொடை வழி. அவர் ஏழரைக்கு பஸ் ஏறினார். நாங்கள் எட்டுக்குக் கிளம்பினோம். புசல்லாவ தாண்டினதும் மலை நம்மைத் தூக்கித் தூக்கிப் போடுகிறது. தேயிலை, தேயிலை, எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலை; சீப்பு வைத்து வாரிவிட்ட மாதிரி. நடுநடுவே வெள்ளை நூல் தொங்குகிற மாதிரி அருவி. வளைவில் பஸ்காரர்கள் வருகிற வேகத்தைப் பார்த்தால் நம்ம ஊர் தண்ணி லாரி டிரைவரே சாமியார்தான். நான் ஆட்டோவை இரண்டாவது கியரில் போட்டு மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தேன்.

றம்பொடையில் மலையைக் குடைந்து போட்ட ஒரு சின்னச் சுரங்கப்பாதை இருக்கிறது. அதைத் தாண்டி இரண்டு வளைவு போயிருப்பேன். மணி பத்தரை. ரோட்டோரம் ஒரு ஆள் குனிந்து நின்று வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோ சத்தம் கேட்டதும், தலையைத் தூக்காமலேயே ஒரு கையை நீட்டினார்.

கை நீட்டினால் நான் நிறுத்துவேன். பதினோரு வருடப் பழக்கம், யாருடைய கை என்றெல்லாம் பார்க்க மாட்டேன். நிறுத்தின பிறகுதான் அந்த வெள்ளைச் சட்டை எனக்கு உறைத்தது. பின்னால் நந்தினி வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக நகர்ந்தாள். அவர் கண்ணை மூடியபடியே, கம்பியைப் பிடித்து, ஏறி உட்கார்ந்தார். துணிப்பையை முகத்தில் வைத்துக்கொண்டு, "நுவரெலியா. பஸ் ஸ்டாண்ட்" என்றார்.

"தனியாவா சார், ஷேரிங்கா?"

பை மெதுவாக இறங்கியது. கண்ணாடியில் அவர் கண்ணும் என் கண்ணும் பார்த்துக்கொண்டன.

"நீயா?"

"இறங்கணும்னா இறங்கிக்கயா. அந்தப் பக்கம் மட்டும் இறங்காத, ஆயிரம் அடி பள்ளம் கீது."

அவர் இறங்கவில்லை. பஸ் எல்லா வளைவிலும் அவரைப் போட்டு உலுக்கியிருக்கிறது. இவரே நிறுத்தச் சொல்லி இறங்கியிருக்கிறார். போனில் சிக்னல் இல்லை. இதெல்லாம் நந்தினி கேட்டுக் கேட்டு வாங்கியது. நான் ஒன்றும் கேட்கவில்லை. என் வாயை நான் மூடிக்கொண்டு ஓட்டிய இருபத்துநான்கு கிலோமீட்டர் அது ஒன்றுதான். ஆயிரக்கணக்கான பேரை ஏற்றியிருக்கிறேன். பிரசவ வலிக்காரியை ஏற்றியிருக்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட்டைப் பிரிக்காமல் கையில் வைத்திருப்பவர்களை ஏற்றியிருக்கிறேன். அவ்வளவு பயந்து, அவ்வளவு ஒழுங்காக நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. கண்ணாடியை ஒரு விரல் கீழே திருப்பினேன். அவருடைய வலது கால் தெரிந்தது. ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கால் தரையை அழுத்தியது, அங்கே இல்லாத பிரேக்கை. முதலில் நான் அழுத்துவதற்கு முன்னால் அழுத்தியது. அப்புறம் நான் அழுத்தும்போதே அழுத்தியது. மேலே பனி ஆரம்பிக்கிற இடத்தில், அழுத்துவதை நிறுத்தியது.

நுவரெலியா ஊருக்குள் மணி 11.50. வெள்ளைக்காரன் கட்டிய சிவப்புச் செங்கல் தபால் ஆபீஸ், கோபுரக் கடிகாரத்தோடு, பொம்மை வீடு மாதிரி நிற்கும். அதற்குப் பக்கத்தில் வலது பக்கம் திரும்ப வேண்டும். மனசு நிறைந்திருந்தால் புத்தி வேலை செய்யாது போல. என் கால் தானாக வெளியே போய்விட்டது.

"இன்னாமே பண்ற?"

"சிக்னல்யா. நீதான சொல்லிக்குடுத்த."

"நானா?"

"கட்டில்ல படுத்துக்கினு சொன்னல்ல. திரும்பும்போது கால நீட்டு, அப்பதான் பின்னாடி வரவனுக்குத் தெரியும்னு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அடியே, அப்ப நம்ம வண்டில இண்டிகேட்டர் ஒயர் அறுந்து போயிருந்துச்சி. மெக்கானிக் வர வரிக்கும் ரெண்டு நாள் கால நீட்டுன்னு சொன்னேன்."

பதினோரு வருடம். மத்திய கைலாஷ் சிக்னலில், பனகல் பார்க்கில், லஸ் கார்னரில், மழையில், வெயிலில், நீட்டியிருக்கிறேன். நந்தினி சிரித்த சிரிப்பில் தபால் ஆபீஸ் வாசலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார். ஆனால் அவர்தான் முதலில் நிறுத்தினார்.

எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். குளிர் பதினான்கு டிகிரி. அவர் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இதுக்குத்தான்" என்றார்.

"எதுக்கு?"

"இதுக்குத்தான் ஏறல. படுத்துக்கினு சப்பாத்திக்கட்டைய வச்சி சொல்லிக்குடுத்தேன். ஏதாச்சும் தப்பா சொல்லிக்குடுத்திருந்தா? அத்தயே நீ நம்பி ஓட்டிக்கினு இருந்தா? பின்னாடி உக்காந்து அத்த பாக்க எனக்கு தில் இல்ல. காலைல நீ போனா, சாயங்காலம் வர வரிக்கும் வயித்துல நெருப்பு. வந்துட்டன்னா சரி, இன்னிக்கு தப்பு எதுவும் வெளிய வரலன்னு நெனச்சிக்குவேன்."

ரோஷம் என்று நான் நினைத்தது இது. "அட மனுஷா, ஒரு வார்த்த கேட்டிருந்தா பிரேக் எந்தக் காலுன்னு நானே சொல்லியிருப்பேன்ல" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. இந்தத் தடவை கடலை இல்லை.

"ஏத்தம் பூரா ரெண்டாவதுலயே ஏத்தின" என்றார் அவர், டீயைப் பார்த்துக்கொண்டு. "நானா இருந்தா மூணாவதுக்கு மாத்திப் பாத்து, நடுவுல நின்னு போயிருப்பேன்." எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது.

ஆறாம் நாள் நுவரெலியாவிலிருந்து எல்ல, 55 கிலோமீட்டர், சீதை அம்மன் கோயில், ஹக்கலைப் பூந்தோட்டம், வெலிமடை, பண்டாரவளை வழி. காலை எட்டரைக்கு வண்டியை எடுத்தேன். இவர் தானாக ஏறினார். ஏறினவர் வாயை மூடவில்லை. "லெப்ட்ல ஒதுங்கு." "நாய் வருது." "நாய் போய்டுச்சி." "ஆரன் அடி." "எதுக்கு இவ்ளோ ஆரன்?" பதினோரு வருடப் பாக்கியை ஒரே நாளில் தீர்த்தார். பண்டாரவளைக்கு முன்னால் நந்தினி இயர்போன் மாட்டிக்கொண்டாள். எனக்கு அந்த வசதியும் இல்லை. இவர் பஸ்ஸில் வந்த நாட்கள் எவ்வளவு அமைதியாக இருந்தன என்று நினைத்துப் பார்த்தேன், பொய் சொல்வானேன். எல்லவில் காட்டுக்கு நடுவே ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. ரயில் வரும் நேரத்தைக் கடைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டு போங்கள். ரயில் எங்களைக் கடந்தபோது இவர் டிரைவருக்குக் கையைக் காட்டினார். நல்லவேளை, அவர் நிறுத்தவில்லை.

நீங்களும் போவதானால் சிலதைக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் ஓட்டும் பர்மிட்டை இங்கேயே ஆர்.டி.ஓ ஆபீஸில் இருபது நாள் முன்னால் எடுத்துவிடுங்கள். அங்கத்திய அனுமதியை வாடகைக்காரரே வாங்கித் தருகிறார். எங்களுக்கு ஆட்டோ வாடகை நாளைக்கு ஐயாயிரம் இலங்கை ரூபாய், எல்லவிலேயே விட்டுவிட ஒன்பதாயிரம் தனி. அறை ஏழாயிரம் சுற்றி. நம் ஒரு ரூபாய் அங்கே மூன்றரை ரூபாய். மூன்று பேருக்கும் விமானத்தோடு சேர்த்து எட்டு நாளுக்கு எண்பத்தெட்டாயிரம் நம் ரூபாய் ஆனது. எல்லவிலிருந்து கொழும்புக்கு ரயில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல்; முன்பதிவு செய்யாவிட்டால் நின்றுகொண்டே வருவீர்கள், நாங்கள் மூன்று மணி நேரம் நின்றோம். மலையில் காலையில் ஓட்டுங்கள், மத்தியானத்துக்கு மேல் பனி இறங்கும். பஸ்ஸில் வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: வீட்டில் யாராவது வருடக்கணக்காக ஒன்றைச் செய்யாமல் இருந்தால், ஏன் என்று நீங்களாக முடிவு கட்டாமல் வாயைத் திறந்து கேட்டுவிடுங்கள். டிக்கெட் செலவு மிச்சம்.

அடையாறு திரும்பின மறுநாள் காலை 5.40. ஸ்டாண்டில் என் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இவர் டூட்டிக்குக் கிளம்பி, பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நடந்து வந்து, எல்லார் முன்னாலும் என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டாண்டில் எங்களுக்கெல்லாம் மூத்தவர் பாபு அண்ணன், வாயில் வைத்த டீயோடு நின்றார்.

"இன்னா மாரி, சவாரியா?"

"ஆமா. எம் பொண்டாட்டி வண்டி. இன்னான்ற?"

பாபு அண்ணன் வாயிலிருந்த டீயை விழுங்கினார். இண்டிகேட்டர் போட்டு வண்டியை எடுத்தேன். டிப்போ முனையில், அப்பார்ட்மென்ட் செக்ரெட்டரி வீட்டுக்குப் பால் வாங்க வேண்டும் என்று இவர் இறங்கிப் பூத்துக்குப் போனார். அந்த நேரத்தில் கையில் லேப்டாப் பையோடு ஒரு அம்மா கையைக் காட்டினார். "தரமணி வருமா?" ஏறினார். மீட்டரைப் போட்டேன். போனேன்.

மத்திய கைலாஷ் சிக்னலில்தான் இவர் ஞாபகம் வந்தது. அந்த அம்மாவுக்கு ஆறரைக்கு ஷிஃப்ட், அதனால் தரமணியில் விட்டுவிட்டுத்தான் திரும்பினேன். இவர் இல்லை. பஸ்ஸில் போய்விட்டார். எங்கள் வீட்டுக்கென்று இரண்டு பால் பாக்கெட் வாங்கி, பூத்திலேயே எனக்காகக் கொடுத்து வைத்திருந்தார். போன் செய்தேன். "சாயங்காலம் ஆறு மணிக்கு வா. மறந்துடாத" என்றார்.

பால் பாக்கெட்டைப் பின் சீட்டில் வைத்தேன். காலை பத்தேகாலுக்கு தி. நகரில் ஏறிய ஒருவர் அதன் மேல் உட்கார்ந்தார். சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு அபிராமபுரத்தில் நின்றேன். இவர் வந்து ஏறினார். சீட் இன்னும் காயவில்லை.